மழைக்காலத்தில் திறந்தவெளி பாப் கச்சேரி: ஆயாவையும் பிள்ளையையும் அழைத்துச் செல்லலாமா?

சாட்ஸ்வொர்த்-மலர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் ஜோகானஸ்பர்க்கின் எஃப்.என்.பி. விளையாட்டரங்கில் நடக்கவிருக்கும் ஒரு பாப் கச்சேரிக்குக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் போவதற்காக நுழைவுச்சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம். பாடகியின் பெயரை எழுதினால் அவர் உண்மையிலேயே பாடுகிறாரா, வாயை மட்டும் அசைக்கிறாரா என்ற சண்டையிலேயே பேச்சு நின்றுவிடும். அதனால் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். என் கவலை பாட்டைப் பற்றியதன்று, மழையைப் பற்றியது.

நானும் என் கணவரும், எட்டு வயது மகளும், கணவரின் தம்பியும், என்னோடு வேலை செய்யும் தோழியர் இருவரும், இவர்களோடு எழுபத்தாறு வயதான எங்கள் ஆயாவும் (பாட்டியைத்தான் அப்படி அழைக்கிறோம்) போவதாக ஏற்பாடு. பாப் கச்சேரிக்கு ஆயா எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தப் பாடகியின் பாட்டுகளை எங்கள் வீட்டில் எல்லோரையும் விட அதிகமாகக் கேட்பவர் ஆயாதான். என் மகளுக்குத் துணையாகக் கேட்கத் தொடங்கியவர், இப்போது அவள் பள்ளிக்குப் போன பிறகும் சமையலறையில் அதையே போட்டுக்கொண்டிருக்கிறார். சீட்டு வாங்கும் பேச்சு வந்த அன்றே தம்முடைய ஓய்வூதியப் பணத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

சீட்டுகளைத் தோழியர் இணையத்தில் வாங்கினார்கள். எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், மேடைக்கு அருகே நின்று பார்க்கும் ‘கோல்டன் சர்க்கிள்’ பகுதியில் அனைவருக்கும் எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு மேலே கூரை கிடையாது.

டர்பன்காரர்களான எங்களுக்கு மழை புதிதன்று. ஆனால் ஜோகானஸ்பர்க் பக்கத்துக் கோடை மழை நம் கடற்கரை மழையைப் போல் நசநசவென்று பெய்து ஓயாது, இடியும் மின்னலுமாய்க் கொட்டும் என்று அங்கே இருக்கும் கணவரின் அத்தை தொலைபேசியில் சொன்னதிலிருந்து வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஆயாவின் சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு அவரை அத்தை வீட்டில் விட்டுப் போகலாம் என்கிறார் கணவர். ஆயாவோ, மழைக்கு ஒதுங்குகிற வயது தமக்கு இன்னும் வரவில்லை என்கிறார். மழை பெய்தால் கச்சேரியை நிறுத்துவார்களா, நிறுத்தினால் சீட்டுப் பணம் திரும்பக் கிடைக்குமா, முதியவரையும் சிறு பிள்ளையையும் வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போவது சரியா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

லெனேசியா-ஒலிக்காரன் பதில்:

தங்கைக்கு வணக்கம். திறந்தவெளிக் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். ஆகவே மேடைக்குப் பின்னாலிருந்து பார்க்கிறவன் என்ன சொல்வானோ அதைச் சொல்கிறேன். மழைக்காக மட்டும் ஒரு பெரிய கச்சேரியை யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்த வைப்பவை மின்னலும் காற்றும்தான். இந்த வேறுபாடு பிடிபட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

மழையை எதிர்பார்த்தே மேடை கட்டப்படுகிறது. மேடைக்குக் கூரை உண்டு. தொங்கவிடப்படும் ஒலிபெருக்கிகள் நனைவதைத் தாங்கக்கூடியவை. மின்இணைப்புப் பெட்டிகள் தரையிலிருந்து உயர்த்தி மூடிவைக்கப்படும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒவ்வொரு இணைப்பிலும் இருக்கும். சாரல் சாய்வாக அடித்து மேடைத் தரை நனைந்தால் ஆட்டக்காரர்கள் வழுக்கி விழக்கூடும் என்பதால் சில ஆட்டங்களைக் குறைப்பார்கள், பியானோவைப் பின்னே தள்ளுவார்கள், அவ்வளவுதான். பார்வையாளர்கள் நனைவது அமைப்பாளர்களின் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அதுதான் உண்மை.

காற்று அப்படிப்பட்டதன்று. மேடைக்கு இருபுறமும் நிற்கும் பெரிய திரைகளும் விளம்பரத் தட்டிகளும் பாய்மரத்தைப் போலக் காற்றை வாங்கிக்கொள்ளும். தற்காலிகமாக எழுப்பப்படும் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் அது எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று பொறியாளர் ஒரு வரம்பு குறித்துக் கொடுத்திருப்பார். மேடை உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். வரம்பை நெருங்கும்போது முதலில் திரைகளையும் பிறகு ஒலிபெருக்கிகளையும் இறக்குவோம். அதையும் தாண்டினால் மேடையில் ஓர் ஆளும் நிற்கக்கூடாது. 2012 நவம்பரில் கேப் டவுன் விளையாட்டரங்கில் ஓர் அமெரிக்க ராக் குழுவின் கச்சேரி தொடங்குமுன், அரங்குக்கு வெளியே விளம்பரத்துக்காக எழுப்பியிருந்த சாரம் பலத்த காற்றில் சரிந்து ஒரு பெண் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். அதிலிருந்து நான் என் வீட்டாருக்குச் சொல்லிவருவது இதுதான்: காற்று வீசும் நாளில் உள்ளே நுழைவதற்கான வரிசையில் நிற்கும்போது தட்டி, கொடிக்கம்பம், கூடாரம் எதன் அடியிலும் நிற்காதீர்கள்.

இனி மின்னல். இங்கே ஜோகானஸ்பர்க் பக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில், பிற்பகல் இடிமழையாகத்தான் பெய்கிறது. டர்பனில் ஆண்டு மழை இதைவிட அதிகம், ஆனால் அங்கே பல மணி நேரம் பரவிப் பெய்வதை இங்கே முக்கால் மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும். வெயிலில் நிலம் காய்ந்து சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, மூன்று மணிக்கு மேல் மேகம் கட்டி, நான்கிலிருந்து ஏழுக்குள் பெரும்பாலும் வெடித்து ஓய்ந்துவிடும். கச்சேரிக்கு வாயில் திறப்பதும் அதே நேரம்தான் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் பார்க்க வந்த பாடகி எட்டு மணிக்கு மேல் மேடைக்கு வருவதற்குள் புயல் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். முன்னதாகப் போய் முன்வரிசையில் இடம் பிடிக்கிறவர்கள்தாம் நனைவார்கள். எப்போதும் இப்படித்தான் நடக்கும் என்று உறுதி கூறமாட்டேன்; இரவு முழுவதும் மின்னிக்கொண்டே இருந்த நாள்களையும் பார்த்திருக்கிறேன்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அந்த இடைவெளி முப்பது விநாடிக்குக் குறைந்தால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, உடனே ஒதுங்க வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே வெளியே வரவேண்டும். இந்தக் கணக்கைப் பலர் அறிவார்கள். ஆனால் கச்சேரியில் இது பயன்படாது, ஏனென்றால் எங்கள் ஒலிபெருக்கிகளின் முன்னால் நிற்பவருக்கு இடி காதிலேயே விழாது. வானத்தில் தெரியும் மின்னலையும் மேடை விளக்கு என்றே நினைத்துக்கொள்வார்கள். அதனால்தான் மின்னல் எங்கே விழுகிறது என்பதைக் கருவியின் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்குப் பெரிய நிகழ்ச்சிகளில் தனி ஆள் வைக்கிறார்கள். அவர் நிறுத்தச் சொன்னால் பாட்டின் நடுவிலும் நிறுத்துவோம். அது ரத்து அன்று, இடைநிறுத்தம். அரை மணி, முக்கால் மணி கழித்துப் பெரும்பாலும் மறுபடி தொடங்கிவிடும். கூட்டத்தில் பலர் இது தெரியாமல் முடிந்துவிட்டது என்று எண்ணிக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடுகிறார்கள். நீங்கள் ஓடாதீர்கள். இருக்கைப் பகுதிக்குக் கீழே அரங்கைச் சுற்றிவரும் அகன்ற கான்கிரீட் நடைவழி இருக்கிறது. அங்கே போய் நில்லுங்கள். மரத்தடியும் துணிக்கூடாரமும் ஒதுங்குமிடம் ஆகா. கதவை மூடிய, இரும்புக் கூரையுள்ள கார் பாதுகாப்பானதுதான், ஆனால் அதை எட்டுவதற்குள் திறந்தவெளியில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

அரங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஃப்.என்.பி. அரங்கில் ஏறத்தாழ 94,000 பேர் அமரலாம். மேலே வளையமாக ஓடும் கூரை, மேல் அடுக்குகளை நன்றாக மறைக்கிறது; கீழ் அடுக்கின் முன்வரிசைகளில் சாரல் அடிக்கும்; நடு மைதானம் முழுக்க வானம் பார்த்த பூமி. 2013 டிசம்பர் 10 அன்று மண்டேலாவுக்கு அங்கே நடந்த நினைவஞ்சலியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: விடாத மழையில் மக்கள் கூரையுள்ள பகுதிகளில் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் இடைவெளிவிட்டும் இருந்தார்கள். அன்றைக்கு மழையை நல்லாசியாக எடுத்துக்கொண்டு பாடி ஆடியவர்கள் நம் நாட்டவர்கள்தாம் என்பதையும் சொல்ல வேண்டும். கோல்டன் சர்க்கிளில் புல்லைக் காப்பதற்காகப் பிளாஸ்டிக் பலகைகளைப் பரப்பியிருப்பார்கள். நனைந்தால் அவை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். எழுபத்தாறு வயதில் அங்கே விழுந்தால் இடுப்பு எலும்பு முறிவதற்கு வாய்ப்பு உண்டு. ஆகவே ஆயாவை வீட்டில் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவருடைய சீட்டையும் குழந்தையின் சீட்டையும், அவர்களோடு இருக்கப்போகும் இருவரின் சீட்டையும் கூரைக்குக் கீழே உள்ள இருக்கைகளாக மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன். கோல்டன் சர்க்கிளுக்குக் கேட்பவர்கள் எப்போதும் அதிகம். சீட்டு விற்ற இடத்தின் அதிகாரபூர்வ மறுவிற்பனை வழியாகவே மாற்றுங்கள், தெரியாதவர்களிடம் வாங்காதீர்கள்.

வானிலை அறிவிப்பைப் படிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். இடிமழை எந்தப் பேட்டையில் விழும் என்பதைப் பத்து நாள் முன்னால் எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது. அதைப் பார்த்துப் பார்த்து வீட்டில் சண்டை போடுவது வீண். முந்தைய நாள் மாலையில் தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கையைப் பாருங்கள். ஆபத்து எவ்வளவு என்பதை 1 முதல் 10 வரை எண்ணாலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தாலும் சொல்வார்கள். மஞ்சள் இங்கே கோடையில் அடிக்கடி வருவது, அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டாம். ஆரஞ்சு என்றால் ஆயாவையும் பிள்ளையையும் அழைத்துப்போவதை மறுபடி யோசியுங்கள். முப்பது விழுக்காடு மழை என்று போட்டிருந்தால், நாளின் மூன்றில் ஒரு பங்கு நேரம் மழை பெய்யும் என்று பொருள் அன்று; நீங்கள் இருக்கும் இடத்தில் மழை விழுவதற்குப் பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு என்றே பொருள்.

கடைசியாக, குடை. தயவுசெய்து கொண்டுவராதீர்கள். பெரும்பாலான அரங்குகளில் வாயிலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். எப்படியோ உள்ளே வந்துவிட்டாலும் பின்னால் நிற்பவரின் கண்ணைக் குத்தும், காட்சியை மறைக்கும். தலையோடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் மழையங்கி ஆளுக்கொன்று போதும். டர்பனிலேயே வாங்கிவிடுங்கள், அரங்கு வாசலில் அதே பொருளுக்கு விலை வேறு.

டோங்காட்-அத்தை பதில்:

மலர் கண்ணுக்கு ஆசிகள். ஒலிக்காரத் தம்பி விவரமாக எழுதிவிட்டார்; நான் வீட்டுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். உன் கணவர் ஆயாவின் மேலுள்ள அக்கறையில்தான் அப்படிச் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் சொந்தப் பணத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்கிய ஒருவரின் சீட்டை, அவர் இல்லாத இடத்தில் பேசி முடிவு செய்து இன்னொருவருக்குக் கொடுப்பது எந்த வீட்டிலும் நல்லதாக முடியாது. மின்னல், வழுக்கல், படிக்கட்டு, கழிப்பறைக்கு நடக்க வேண்டிய தூரம் எல்லாவற்றையும் அவரிடமே சொல்லுங்கள். தைப்பூசக் காவடிக்கு பிப்ரவரி வெயிலிலும் மழையிலும் வெறுங்காலோடு நடந்து பழகிய தலைமுறை அது. தன் உடம்பு எதைத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். கூரைக்குக் கீழே உட்காருவதற்கு அவர் சம்மதித்துவிட்டால் மீதியெல்லாம் ஏற்பாடுதான்.

என்னுடைய பிள்ளைகள் வாலிபர்களாக இருந்தபோது அவர்களோடு அண்டர்பர்க்கில் நடக்கும் ஸ்பிளாஷி ஃபென் இசைவிழாவுக்குப் போயிருக்கிறேன். 1990 முதல் ஈஸ்டர் சமயத்தில் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரப் பண்ணை நிலத்தில் நடப்பது அது. மழையும் சேறும் இல்லாமல் அதை யாரும் நினைத்துப் பார்ப்பதேயில்லை. அங்கே நான் கண்டது என்னவென்றால், மழையில் எரிச்சல் வருவது நனைந்ததால் அன்று, ஒருவர் இன்னொருவரைத் தேடிக்கொண்டே இருப்பதால்தான். ஏழு பேரும் ஒரே இடத்தில் நின்றே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒருவருக்குக் கழிப்பறை, ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குக் குளிர் என்று எல்லோரும் எல்லாப் பாட்டையும் பாதிதான் கேட்பீர்கள். உன் தோழியரும் கொழுந்தனாரும் மேடைக்கு முன்னால் நின்று ஆடட்டும். நீ ஆயாவோடும் மகளோடும் மேலே உட்கார். கூட்டத்தில் தொலைபேசி எடுபடாது. சந்திக்கும் இடத்தை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயம்: உணவை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், உள்ளே விற்பதை ஆயா தொடமாட்டார். நான்கு மணிக்கே வயிறு நிறையச் சோறும் கறியும் கொடுத்துவிடு. திரும்பி வந்ததும் குடிக்கச் சூடான இஞ்சித் தேநீர் ஒரு ஃபிளாஸ்கில் காரிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. பிப்ரவரிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் டர்பன் தாவரவியல் பூங்காவில் ஏரிக்கரைக் கச்சேரி ஏதாவது இருந்தால் ஆயாவை அழைத்துப்போய்ப் பாரேன். புல்தரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கலாம். எவ்வளவு நேரம் சத்தத்தையும் கூட்டத்தையும் பொறுக்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மாரிட்ஸ்பர்க்-செவிலி பதில்:

வணக்கம் மலர் அக்கா. அரசு மருத்துவமனையில் செவிலியாக வேலை செய்கிறேன். மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும் என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்துவார்கள். காய்ச்சலைக் கொண்டுவருவது கிருமியே அன்றி மழைநீர் அன்று. உண்மையான தொல்லை உடல்வெப்பம் குறைவதுதான். ஈரத்துணி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் வெப்பம் வெகு வேகமாகப் போய்விடும். காற்றும் அடித்தால் இன்னும் விரைவு. பகலில் இருபத்தைந்து பாகை வெப்பம் இருந்த ஜோகானஸ்பர்க்கில் இடிமழைக்குப் பிறகு இரவு பதினைந்து பாகை அளவுக்கு இறங்கிவிடும். டர்பன் இரவை மனத்தில் வைத்துக்கொண்டு உடுத்திச் சென்றால் நடுங்க வேண்டியதுதான்.

ஜீன்ஸும் தடித்த பருத்திச் சட்டையும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் உலரும் செயற்கை இழைத் துணியை உள்ளே போட்டு, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் மழையங்கி என்று உடுத்துங்கள். மாற்றுக் காலுறை ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சிறு பிள்ளைகளின் உடம்பும் முதியவர்களின் உடம்பும் குளிரைச் சமாளிப்பதில் பின்தங்கியவை. பிள்ளை நடுங்கினால் உடனே உலர்ந்த துணி மாற்றுங்கள். நடுக்கம் தானாக நின்று, பேச்சுக் குழறித் தூக்கம் வருவதுபோல் இருந்தால் அது தேறிவிட்டதன் அடையாளம் அன்று, முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய கட்டம்.

எட்டு வயதுக் காது மென்மையானது. இசை நிகழ்ச்சிகளில் ஒலி சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்திருக்கிறது. அந்த வரம்பே பிள்ளைகளுக்கு அதிகம். பெரியவர்கள் நுரைப்பஞ்சுக் காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம், மகளுக்குக் காதை முழுதாக மூடும் கவசம் வாங்குங்கள். மழையங்கியின் தலைமூடி அந்தக் கவசத்தின்மேல் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள், பலருக்கு அங்கே போய்த்தான் அது தெரியவருகிறது.

ஆயா காது கேட்கும் கருவி அணிபவரா என்று நீங்கள் எழுதவில்லை. அணிபவர் என்றால் நனையாத சிறு டப்பா ஒன்று கொண்டுபோய், மழை தொடங்கியதும் கழற்றி அதில் போட்டுவிடுங்கள். அப்போது அறிவிப்புகள் அவருக்குக் கேட்காது. ஆகவே அவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விட முடியாது. மேலும், நீங்கள் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் உள்ள ஊருக்குப் போகிறீர்கள். நம் வீட்டுப் படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறவருக்கும் அரங்கின் மேல் அடுக்குப் படிகள் அங்கே மூச்சிரைக்க வைக்கும். மாற்றுச் சீட்டு எடுக்கும்போது கூரைக்குக் கீழே இருந்தால் மட்டும் போதாது, படி குறைவாக ஏறும் இடமா என்றும் கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் அதிகம் போகும் மாத்திரை உட்கொள்பவராக இருந்தால், அன்றைக்கு அதைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். வேளையை மாற்றலாமா என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாடியம்-வழக்குரைஞர் பதில்:

சீட்டுப் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மழை பெய்கிறது என்று நீங்களாகவே போகாமல் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்காது. வெயிலானாலும் மழையானாலும் நிகழ்ச்சி நடக்கும் என்று சீட்டின் நிபந்தனைகளில் பெரும்பாலும் எழுதியிருக்கும். அமைப்பாளர்களே முற்றிலும் ரத்து செய்தால் பணத்தைக் கேட்பது உங்கள் உரிமை. வேறு நாளுக்குத் தள்ளிவைத்தால் அந்த நாளில் உங்களால் வர முடியாது என்பதை எழுத்தில் உடனே தெரிவியுங்கள். பாதியில் நின்றுபோன நிகழ்ச்சிதான் சிக்கலானது. எவ்வளவு நேரம் நடந்தது, நிபந்தனையில் என்ன எழுதியிருந்தது என்பவற்றைப் பொறுத்து வாதம் எழும். சீட்டு, பணம் கட்டிய சான்று, வந்த செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். பயணச் செலவும் தங்கும் செலவும் யாரும் தரமாட்டார்கள் என்றே எண்ணிக்கொண்டு கிளம்புங்கள்.

பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்கும் இங்கே சட்டம் உண்டு. 2001 ஏப்ரல் 11 அன்று எல்லிஸ் பார்க் அரங்கில் கால்பந்துப் போட்டியின்போது நெரிசலில் 43 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் விளையாட்டு மற்றும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் பாதுகாப்பு குறித்த 2010ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டம். பெரிய நிகழ்ச்சிகளுக்குக் காவல்துறை, தீயணைப்பு, மருத்துவ உதவி, அரங்கு நிர்வாகம் எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடு இதன்படி கட்டாயம். வெளியேறச் சொல்லும் அறிவிப்பு அங்கிருந்துதான் வரும். பக்கத்தில் நிற்பவரின் பேச்சைக் கேட்டு நகர வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்-மலர் மீண்டும்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டோங்காட் அத்தை சொன்னபடி ஆயாவையே உட்காரவைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினோம். மின்னலைப் பற்றிக் கேட்டபோது தலையசைத்தார். வழுக்கும் பலகையைப் பற்றிக் கேட்டபோதுதான் கூரைக்குக் கீழே உட்காரச் சம்மதித்தார். அதுவும் ஒரு நிபந்தனையோடு: பைனாகுலர் வேண்டுமாம். கருவி ஒரு காதில் அணிகிறார், ஆகவே செவிலித் தங்கை சொன்ன டப்பாவை வாங்கிவிட்டேன். நான்கு சீட்டுகளை மறுவிற்பனையில் போட்டிருக்கிறோம். கொழுந்தனாருக்கும் தோழியருக்கும் கோல்டன் சர்க்கிளிலேயே நிற்பதில் மகிழ்ச்சி.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. கச்சேரி முடிந்ததும் இரவோடு இரவாகக் காரை ஓட்டிக்கொண்டு டர்பனுக்குத் திரும்பிவிடலாம் என்கிறார் கணவர். மறுநாள் அவருக்குப் பிற்பகல் வேலை. ஜோகானஸ்பர்க்கில் அவருடைய அத்தை வீட்டில் தங்குவதற்கு இடம் இருக்கிறது. மழை இரவில் அந்தச் சாலை எப்படி இருக்கும்?

லெனேசியா-ஒலிக்காரன் பதில்:

வேண்டாம், தங்கையே. என்-3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். நல்ல பகலில், நிற்காமல் போனாலே ஆறு மணி நேரம். பதினொரு மணிக்குக் கச்சேரி முடிந்தால் கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வருவதற்கே நள்ளிரவு தாண்டிவிடும். மழை பெய்த நாளில் புல்தரையில் நிறுத்தியிருந்தால் சக்கரம் சேற்றில் சுழன்று இன்னும் தாமதமாகும். ஹாரிஸ்மித்தைக் கடந்து வான் ரீனன் கணவாயில் இறங்கும்போது விடியற்காலம் ஆகியிருக்கும். அங்கே மூடுபனி, அதனுள் வரிசையாகச் சரக்கு லாரிகள், தூக்கக் கலக்கத்தில் ஓட்டுநர். நாங்கள் மேடைச் சாமான்களை ஏற்றி அனுப்பும்போதும் ஓட்டுநர்களை உறங்கவிட்டுத்தான் அனுப்புகிறோம்.

அத்தை வீட்டில் தங்குங்கள். அரங்கு இருக்கும் நாஸ்ரெக்கிலிருந்து அங்கே போவது டர்பன் பயணத்தைப் போல் நெடுந்தூரம் அன்று. மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் உங்கள் கணவர் பிற்பகல் வேலைக்கு வந்து சேர்ந்துவிடலாம். அப்படி முடியாது என்றால் விடுப்பு எடுக்கட்டும். இரவில் வாடகைக் காரைச் செயலியில் அழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியும் வராதீர்கள். கச்சேரி விடும் நேரத்தில், அதுவும் மழையில், ஓட்டுநர்கள் அரங்குப் பக்கம் வரத் தயங்குவார்கள், கட்டணமும் ஏறிவிடும். வாசலில் கூட்டத்தோடு நின்றுகொண்டு தொலைபேசியைக் கையில் வைத்துப் பார்ப்பதும் நல்லதன்று. திரை நனைந்தால் விரல் பட்டாலும் வேலை செய்யாது, பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். சொந்தக் காரில் வாருங்கள், தார்போட்ட நிறுத்துமிடத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் எழாமல், கூட்டம் வடியும்வரை ஆயாவோடு இருக்கையிலேயே அரை மணி நேரம் இருங்கள். சீட்டு மாறிவந்ததும் அதில் எந்த வாயில் என்று போட்டிருக்கும். அதை மட்டும் எனக்கு எழுதுங்கள், எந்தப் பக்கத்து நிறுத்துமிடம் ஆயாவுக்கு நடை குறைவு என்று பார்த்துச் சொல்கிறேன்.